கதையில் தீர்த்த கணக்கு

விமர்சகர்கள் எழுதுவதை நான் பொருட்படுத்துவதே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் எழுத்தாள நண்பர்கள் எனக்குச் சிலர் உண்டு. அவர்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு கட்டு இருக்கும். தம் புத்தகங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த மதிப்புரைகளை வெட்டிச் சேர்த்த கட்டு. பாராட்டி வந்தவை மேலே இருக்கும், குறை சொல்லி வந்தவை அடியில் இருக்கும். ஆனால் மடிப்பு நைந்து கிழியும் நிலையில் இருப்பவை அடியில் இருப்பவைதாம். அடிக்கடி எடுத்துப் படிக்கப்படுகிறவை அவையே.

என்னிடமும் அப்படி ஒரு கட்டு உண்டு. அதில் அடியிலும் அடியாக இருக்கும் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றுக்கு நான் ஒரு முறை பழி வாங்கியிருக்கிறேன். கட்டுரையால் அல்ல, கதையால். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் வாசகர்கள் மேற்கொண்டு படிக்க மாட்டார்கள், அல்லது நான் மேற்கொண்டு எழுத மாட்டேன்.

நம் பழம் புலவர்களுக்கு இந்த விஷயத்தில் சிரமம் இருந்ததாகத் தெரியவில்லை. காளமேகம் கோபம் வந்து பாடியதில் திருமலைராயன் பட்டினம் மண்மாரியில் மூழ்கியது என்று கதை சொல்கிறார்கள். வாதில் தோற்றவர்களின் காதை வில்லிபுத்தூரார் அறுத்துவிடுவார் என்றும் ஒரு கதை உண்டு. இன்றைய நாவலாசிரியனுக்கு மண்மாரியும் கிடையாது, கத்தியும் கிடையாது. அவன் கையில் இருப்பதெல்லாம் அடுத்த நாவல் ஒன்றுதான். தன்னைக் குறை சொன்னவனை அதில் கொண்டுவந்து நிறுத்தி, மூக்கைக் கோணலாக்கி, பெண்டாட்டியிடம் திட்டு வாங்க வைத்து, கடைசி அத்தியாயத்தில் வழுக்கி விழச் செய்யலாம். யார் கேட்பது?

அண்மைக் காலத்தில் இதை மிகக் கேவலமாகச் செய்தவர் மைக்கேல் கிரைட்டன் என்ற அமெரிக்க நாவலாசிரியர். ‘ஜுராஸிக் பார்க்’ எழுதியவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பூமி வெப்பமடைகிறது என்று விஞ்ஞானிகள் சொல்வதைச் சந்தேகிக்கும் நாவல் ஒன்றை அவர் 2004-ல் வெளியிட்டார். அந்த நாவலையும் அவரையும் கண்டித்து 2006 மார்ச்சில் ‘நியூ ரிபப்ளிக்’ என்ற பத்திரிகையில் மைக்கேல் க்ரௌலி என்ற பத்திரிகையாளர் ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டு இறுதியில் கிரைட்டனின் அடுத்த நாவலான ‘நெக்ஸ்ட்’ வெளிவந்தது. அதில் மிக் க்ரௌலி என்று ஒருவன் வருகிறான். வாஷிங்டனில் அரசியல் பத்தி எழுதுகிறவன், யேல் பல்கலைக் கழகத்தில் படித்தவன். நிஜ க்ரௌலியும் யேலில் படித்து வாஷிங்டனில் அரசியல் எழுதியவர்தான். நாவலில் வருகிறவன், வாய் பேசத் தெரியாத குழந்தை ஒன்றிடம் சொல்லக் கூசும் கொடுமை செய்ததற்காக வழக்கில் மாட்டிக்கொண்டவன். நாவலின் கதைக்கும் இவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வருகிறான், சேறு பூசப்படுகிறான், போய்விடுகிறான்.

இதில் சட்ட சூட்சுமம் ஒன்றும் உண்டாம். அப்படிப்பட்ட பாத்திரத்துக்கு இந்தப் பக்கத்தில் எழுத முடியாத ஒரு தேகக் குறையையும் சேர்த்துவிட்டால், ‘அது நான்தான்’ என்று சொல்லிக்கொண்டு எந்த ஆண்பிள்ளையும் கோர்ட்டுக்கு வரமாட்டான் என்பது அந்த ஊர் எழுத்தாளர்களிடையே வழங்கும் வேடிக்கையான சட்ட ஞானம். கிரைட்டன் அதையும் விடவில்லை. நிஜ க்ரௌலி கோர்ட்டுக்குப் போகவில்லை, பதில் கட்டுரை எழுதினார். வாதத்துக்கு வாதம் சொல்லாமல் இடுப்புக்குக் கீழே அடிக்கிறவர் தம் தோல்வியைத்தான் ஒப்புக்கொள்கிறார் என்பது அதன் சாரம். எனக்கு அதை மறுக்கத் தோன்றவில்லை.

ஆனால் கிரைட்டனைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம் வந்தது. கதையை நடத்திச் செல்லும் வித்தை கைவந்த மனிதர் அவர். இரவு பதினோரு மணிக்கு மூடி வைக்க வேண்டிய புத்தகத்தை இரண்டு மணி வரை மூடவிடாமல் செய்யக்கூடியவர். அவரே அந்த இடத்தில் வாக்கியம் எழுதத் தெரியாதவர் போல் எழுதியிருக்கிறார். அந்த மிக் க்ரௌலிக்கு முகம் இல்லை, குரல் இல்லை, உட்கார ஒரு நாற்காலி கூட இல்லை. பெயரும் காலேஜும் மட்டும் எதிரியிடமிருந்து எடுத்தவை. தன்னிடமிருந்து ஒரு குந்துமணி கூட அவனுக்காக அவர் செலவழிக்கவில்லை.

ஸாமர்ஸெட் மாம் இதைவிட நயமான கை. 1930-ல் வந்த அவருடைய ‘கேக்ஸ் அண்ட் ஏல்’ நாவலில் ஆல்ராய் கீர் என்று ஓர் எழுத்தாளர் வருகிறார். எல்லோருக்கும் நல்லவர், எல்லா விருந்துக்கும் போகிறவர், தன் புத்தகத்தைக் குறை சொன்னவரைத் தேடிப் பிடித்துச் சாப்பாட்டுக்கு அழைத்து நண்பராக்கிக்கொள்கிறவர். அந்தக் காலத்துப் பிரபல நாவலாசிரியர் ஹ்யூ வால்போல், இரவில் படுக்கப் போகும்முன் உடை மாற்றிக்கொண்டே அந்தப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். பாதி மாற்றிய உடையோடு அப்படியே உட்கார்ந்து படித்தாராம். கீர் தாம்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அது நீங்கள் அல்ல என்று மாம் கடிதம் எழுதினார். வால்போல் 1941-ல் இறந்தார். 1950-ல் ஒரு பதிப்பின் முன்னுரையில், வால்போலை நினைத்துத்தான் எழுதினேன் என்று மாம் ஒப்புக்கொண்டார். இதில் பழி வாங்கப்பட்டவர் விமர்சகர் என்பதைவிடச் சக எழுத்தாளர். இருந்தாலும் இங்கே சொல்லக் காரணம், அந்த நாவல் நன்றாக இருக்கிறது. ஆல்ராய் கீர் உயிரோடு இருக்கிறார். ஆனால் நாவலைத் தாங்குவது கீர் அல்ல, ரோஸி என்ற பெண். மாம் எவளையோ நினைத்து ஏங்கி எழுதியது போன்ற பக்கங்கள் அவை. கேலி செய்த பக்கங்களை ரசித்துப் படிக்கிறோம். ஏங்கிய பக்கங்களுக்குத்தான் திரும்பிப் போகிறோம்.

இனி பால்ஸாக். நான் சொல்ல வந்ததே அவரைத்தான். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. கல்லூரிப் படிப்பையும் முழுமையாக முடித்தவனல்ல. ஆங்கில மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பிரான்ஸில் ஸாந்த் பெவ் என்று ஒரு விமர்சகர் இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் விமர்சகர்களில் அவருக்கு இணையாகச் சொல்லக்கூடியவர்கள் வெகு சிலரே. 1834-ல் அவர் பால்ஸாக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வசை என்று அதைச் சொல்ல முடியாது. பால்ஸாக் பெண் வாசகர்களின் மனத்தைப் பிடித்தது எப்படி என்று வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்து, இளமையில் அவர் வயிற்றுப்பாட்டுக்காகப் புனைபெயர்களில் எழுதித் தள்ளிய நாவல்களையும் கிளறி எடுத்துப் பேசியது. புன்னகையோடு பேசியது. அந்தப் புன்னகைதான் பால்ஸாக்கைச் சுட்டிருக்க வேண்டும். கட்டுரையைப் படித்துவிட்டு அவர் குதித்தாராம். இதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும், என் பேனாவை அவன் உடம்பில் பாய்ச்சுவேன், அவனுடைய நாவலை நான் திருப்பி எழுதிக் காட்டுகிறேன் என்று கத்தினாராம். கூட இருந்த ழூல் ஸாந்தோ என்ற எழுத்தாளர் இதை ஸாந்த் பெவிடமே சொல்லிவிட்டார்.

விமர்சகருக்கு நாவல் ஏது என்று கேட்கலாம். ஸாந்த் பெவும் ஒரு நாவல் எழுதியிருந்தார். அதே 1834-ல் வந்த ‘வொலுப்தே’ அது. அமோரி என்ற இளைஞன் பிறர் மனைவியான ஒரு பெண்ணை ஒரு வார்த்தை சொல்லாமல் காதலிக்கிறான். பிறகு பாதிரியாராகிறான். அவள் மரணப் படுக்கையில் கிடக்கும்போது அவனே அவளுக்குக் கடைசிச் சடங்குகளைச் செய்கிறான். விக்தர் ஹ்யூகோவின் மனைவிமேல் ஸாந்த் பெவுக்கு இருந்த காதல்தான் அதன் அடியில் ஓடுகிறது என்பது இலக்கிய சரித்திரம் அறிந்த விஷயம்.

பால்ஸாக் சொன்னபடியே செய்தார். பத்திரிகையில் தொடங்கி, நடுவில் பத்திரிகை முதலாளியோடு ஒரு வழக்கும் நடத்தி, 1836-ல் அவர் நூலாக வெளியிட்ட ‘பள்ளத்தாக்கில் ஒரு லில்லி’ என்ற நாவல் ஸாந்த் பெவின் கதைதான். பிறர் மனைவியை இளைஞன் ஒருவன் காதலிக்கிறான். அவள் கற்போடு இருக்கிறாள், இறக்கிறாள். எதிரியின் கதையை எடுத்துக்கொண்டாரே தவிர, எதிரியை எடுத்துக்கொள்ளவில்லை. ஸாந்த் பெவின் மூக்கோ முழியோ அதில் எங்கும் இல்லை. அந்தக் கதைக்குள் அவர் போட்டதெல்லாம் தம்முடையவை. தாம் பிறந்த தூரேன் பிரதேசத்தின் ஆற்றங்கரை, தாய் தம்மிடம் காட்டாத அன்பு, விடுதிப் பள்ளியில் கழிந்த தனிமை எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக மதாம் தெ பெர்னி இருக்கிறாள். அவரைவிட 22 வயது மூத்தவள். அவரைக் காதலித்தவள், பண உதவி செய்தவள், எழுத்தைத் திருத்திக் கொடுத்தவள். மதாம் தெ மோர்ஸோஃப் என்ற கதாநாயகி அவளிடமிருந்து பிறந்தவள். நாவல் நூலாக வந்து சில வாரங்களில், அந்த ஜூலையிலேயே, மதாம் தெ பெர்னி இறந்துபோனாள்.

இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தேன். ‘வொலுப்தே’ யோக்கியமான புத்தகம். தன் மனத்தைத் தானே தோண்டிப் பார்ப்பதில் அதில் உள்ள நுட்பம் பால்ஸாக்குக்கு வராது என்று கூடச் சொல்வேன். ஆனால் அந்தப் பெண் ஜன்னலுக்கு அப்பால் நிற்கிறாள். அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியாது. பால்ஸாக்கின் நாவலிலும் குறை இல்லாமலில்லை. பெருமூச்சுகள் அதிகம். காதலன் மலர்க்கொத்து கட்டும் பக்கங்களை நான் ஒரு முறைக்கு மேல் பொறுமையாகப் படித்ததில்லை. ஆயினும் அந்த வீடு இருக்கிறது. எப்போது எரிந்து விழுவார் என்று தெரியாத கணவர் இருக்கிறார். நோயாளிக் குழந்தைகள் இருக்கிறார்கள், தோட்டத்துக் கணக்கு இருக்கிறது. இவற்றுக்கு நடுவே அந்த அம்மாள் முந்நூறு பக்கத்துக்கு மேல் பொறுத்துக்கொண்டே இருக்கிறாள். சாகும் தறுவாயில் அவள் செய்வதுதான் என்னைத் தூக்கி வாரிப்போட்டது. தன் கற்பையும் பொறுமையையும் நினைத்து அவள் சமாதானம் அடைவதில்லை. நான் வாழவே இல்லையே, எனக்கு வாழ வேண்டும் என்று பிதற்றுகிறாள். பிறகு பாதிரியார் வந்து சமாதானப்படுத்தி, எல்லாம் சாஸ்திரப்படி முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிதற்றலைக் கேட்ட பிறகு அந்தச் சமாதானத்தை நாம் நம்புவதில்லை. ஸாந்த் பெவ் தம் நாவலில் தொடப் பயந்த இடம் அது. பழி வாங்க ஆரம்பித்த மனிதர், நடுவழியில் பழியை எங்கோ தொலைத்துவிட்டு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

பால்ஸாக்கை மகான் ஆக்குவது என் நோக்கமல்ல. அவர் சில்லறைப் பழியும் வாங்கியவர்தான். 1840-ல் தாமே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். மூன்றே இதழ்களோடு அது நின்றது. அதில் ஸாந்த் பெவின் சரித்திர நூலைக் கிழி கிழி என்று கிழித்தார். அவருடைய நடையைக் கேலி செய்து ஒரு கதையும் எழுதினார். இன்று அவற்றை ஆராய்ச்சிக்காரர்கள்தாம் தேடிப் படிக்கிறார்கள். ஆனால் அதே பத்திரிகையின் மூன்றாவது இதழில், அநேகமாக யாருமே கவனியாதிருந்த ஸ்டெந்தாலின் நாவல் ஒன்றைப் பல பத்துப் பக்கங்களுக்குப் புகழ்ந்து எழுதினார். சக நாவலாசிரியன் ஒருவனைப் பற்றி இவ்வளவு தாராளமாக எழுதியவர்கள் குறைவு. ஸாந்த் பெவோ, ஸ்டெந்தாலின் நாவல்களில் பெரிதாக எதையும் கடைசி வரை காணவில்லை.

விமர்சகர் உலகத்தையே பால்ஸாக் கூண்டில் ஏற்றிய நாவல் ‘கலைந்த கனவுகள்’. மூன்று பகுதிகளாக 1837-லிருந்து 1843 வரை வந்தது. லூஸியன் என்ற சிற்றூர்க் கவிஞன் பாரிஸுக்கு வந்து பத்திரிகைக்காரன் ஆகிறான். தனக்குப் பிடித்த ஒரு நாவலை எப்படித் தாக்கி எழுதுவது என்று அவனுக்கு ஒரு நண்பன் கற்றுக்கொடுக்கிறான். எழுதுகிறான். அதே நாவலைப் புகழ்ந்து இன்னொரு பெயரில் எழுதச் சொல்கிறார்கள், அதையும் எழுதுகிறான். பிறகு இரண்டையும் சமரசம் செய்து மூன்றாவது கட்டுரை. இதைப் படித்துப் பாரிஸ் பத்திரிகைக்காரர்கள் கொதித்ததில் ஆச்சரியமில்லை. ழூல் ழானேன் என்ற பிரபல விமர்சகர் கடுமையாகத் தாக்கி எழுதினார்.

ஆனால் அந்த நாவலில் எனக்கு மறக்காத இடம் வேறு. தன் உண்மையான நண்பன் தார்த்தேஸின் நூலைத் தாக்கி எழுதும்படி லூஸியன் கட்டாயப்படுத்தப்படுகிறான். எழுதாவிட்டால் அவன் காதலிக்கு ஆபத்து. எழுதிய கட்டுரையை எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டே, இரவில் தார்த்தேஸின் வீட்டுக்குப் போகிறான். தார்த்தேஸ் அதைப் படிக்கிறான். பிறகு பேனாவை எடுத்து, தன் நூலைத் தாக்கும் அந்தக் கட்டுரையைத் தானே இன்னும் நன்றாகத் திருத்தி எழுதிக் கொடுக்கிறான். தார்த்தேஸைப் போன்ற ஒருவர் எந்த ஊரிலும் இருக்க முடியாது என்று முதல் தடவை படித்தபோது நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த நாவலில் விலை போகிற விமர்சகன் வெளியாள் அல்ல. அவன் கவிஞன், நாவல் எழுதுகிறவன், புகழுக்கும் நல்ல சட்டைக்கும் ஆசைப்படுகிறவன். பால்ஸாக்குக்கும் அந்த ஆசைகள் உண்டு. நாவலில் வரும் அச்சகமும் கடனும்கூட, 1828-ல் அச்சகத் தொழிலில் அவர் தலையில் வந்து விழுந்த கடனிலிருந்து பிறந்தவைதாம்.

ஸாந்த் பெவ் விஷயம் பால்ஸாக்கோடு முடியவில்லை. ஒரு நூலை மதிப்பிட வேண்டுமானால் எழுதியவனின் குடும்பம், நண்பர்கள், பழக்க வழக்கம் எல்லாம் தெரிய வேண்டும் என்பது அவர் முறை. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு மார்ஸல் ப்ரூஸ்ட் இதை மறுத்து எழுத உட்கார்ந்தார். விருந்தில் பேசுகிற மனிதன் வேறு, தனியே உட்கார்ந்து எழுதுகிறவன் வேறு என்பது அவர் கட்சி. அந்த மறுப்புரை அவர் ஆயுளில் வெளிவரவில்லை. அவர் 1922-ல் இறந்தார், அது 1954-ல்தான் அச்சாயிற்று. எழுதிக்கொண்டிருந்தபோதே அது கட்டுரையாக இருக்க மறுத்து, அவருடைய மாபெரும் நாவலாக மாறிப்போனதுதான் காரணம். அந்த நாவலில் மதாம் தெ வில்பாரிஸிஸ் என்ற கிழவி வருகிறாள். பெரிய எழுத்தாளர்கள் தன் தகப்பனார் வீட்டுக்கு வந்து போனவர்கள், ஆகவே அவர்களை எனக்குத் தெரியும் என்று சொல்லி, அவர்கள் நடந்துகொண்ட விதத்தை வைத்து அவர்கள் நூல்களை எடை போடுகிறாள். ஸாந்த் பெவின் முறை அப்படியே. ஆனால் கிழவி ஸாந்த் பெவ் அல்ல. அவளுக்கென்று மரியாதை உண்டு, தயவு உண்டு, வாசகனுக்கு அவளைப் பிடித்துக்கூடப் போகிறது.

இதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் இரண்டாவது நாவலைப் பற்றிச் சிறு பத்திரிகை ஒன்றில் ஒரு விமர்சகர் ஐந்து பக்கம் எழுதினார். ‘இவருடைய பெண்கள் அழுகிறார்கள், மன்னிக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு காரியமும் செய்வதில்லை’ என்று ஒரு வரி அதில் இருந்தது. அவரை எனக்கு முன்பே தெரியும். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போய்க் காபி சாப்பிட்டிருக்கிறேன். கூடத்தில் ஓர் ஊஞ்சல் இருந்தது. ஒரு பக்கத்துச் சங்கிலி அறுந்து, அந்த இடத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் உட்காரப் போனபோது அந்த அம்மாள் உள்ளிருந்து ஓடி வந்து, “தம்பி, அந்தப் பக்கம் வேண்டாம், இப்படி உட்காருங்க” என்றார்கள். என் தொடர்கதைகளை வாராவாரம் படிப்பதாகவும், பத்திரிகை வந்ததும் முதலில் அதைத்தான் புரட்டுவதாகவும் சொன்னார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாரப் பத்திரிகை படிக்கிறவர் அல்ல.

அடுத்த தொடர்கதையில் நான் அவரைக் கொண்டுவந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர், கஞ்சன், பிறர் புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் குறை எழுதி வைக்கிறவர். சங்கிலி அறுந்தால் மாற்ற மனமில்லாமல் ஊஞ்சலைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பவர். அவர் மனைவி அழுகிறாள், மன்னிக்கிறாள். எழுதும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. பன்னிரண்டு வாரம் அவர் வந்தார். எழுதி முடிக்கிற வியாழக்கிழமைதோறும் எனக்கு ஒரு குதூகலம் இருந்தது. திரும்பப் படித்தபோது தெரிந்தது, அவர் ஓர் அத்தியாயத்தில்கூடத் தாமாக எழுந்து நடக்கவில்லை. பக்கத்தில் பிரம்போடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் அதைப் படித்தாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது. தொடர்கதை முடிந்து ஆறேழு மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தலில் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடமில்லை. அவர்களே வந்தார்கள். “நல்லாயிருக்கீங்களா தம்பி? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டார்கள். சௌக்கியம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “எங்க வீட்டு ஊஞ்சலை அப்படியே எழுதியிருந்தீங்க” என்றார்கள். குரலில் கோபம் இல்லை. “அது கஞ்சத்தனம் இல்லே தம்பி. அந்தச் சங்கிலி எங்க மாமியார் கொண்டு வந்தது. அதே மாதிரி கிடைக்கிற வரைக்கும் வேற போடக்கூடாதுன்னு அவங்க பிள்ளைக்கு ஒரு பிடிவாதம்.” பிறகு, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுப் பந்திப் பக்கம் போய்விட்டார்கள்.

அந்தத் தொடர்கதை நூலாக வந்தபோது ஊஞ்சலை எடுத்துவிட்டேன். அவரை எடுக்க முடியவில்லை. எடுத்தால் ஏழு அத்தியாயம் விழுந்துவிடும் என்றார் பதிப்பாளர். புத்தகத்தின் ஒரு பிரதியை அந்த அம்மாளுக்கு அனுப்பலாமா என்று உறையில் விலாசம் எழுதும் வரை போனேன். உறை இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.